கொழுப்புக் கல்லீரலுக்கு ஹார்மோன் வழி மருந்து: யாருக்கு, எப்போது, எப்படி

வயிற்று ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று இருப்பதைப் பார்த்ததும் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, இதற்கு மாத்திரை உண்டா என்பதுதான். 2024ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை. அந்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதி ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கும், 2025 ஆகஸ்ட் 15ஆம் தேதி செமாகுளூடைட் என்ற வாராந்திர ஊசிக்கும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. முதலாவது தைராய்டு ஹார்மோனையும் இரண்டாவது குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனையும் பின்பற்றி உருவாக்கப்பட்டவை. ஆகவே இன்று மருந்து உண்டு. ஆனால் அது எல்லோருக்குமான மருந்து அன்று. கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைப் பார்த்து இவை தரப்படுவதில்லை. கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பதைப் பார்த்தே தரப்படுகின்றன. ஸ்கேனில் வரும் ‘கிரேடு’ கொழுப்பைப் பற்றியது மட்டுமே; தழும்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, தேவையில்லாதவர் மருந்துக்கு அலைவதும், தேவைப்படுகிறவர் ‘வெறும் கொழுப்புதானே’ என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவதும் நடக்கின்றன. அதனால்தான் இந்த வழிகாட்டி மருந்திலிருந்து தொடங்காமல் அளவீட்டிலிருந்து தொடங்குகிறது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘மதுசாராத கொழுப்புக் கல்லீரல் நோய்’ என்று பல்லாண்டு வழங்கிய பெயரைக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் 2023இல் மாற்றின. இப்போதைய பெயரின் பொருள், வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய் என்பது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் இது மாஸ்ல்ட் எனவும், கொழுப்போடு அழற்சியும் செல் சிதைவும் சேர்ந்துகொண்ட நிலை மாஷ் எனவும் அழைக்கப்படுகின்றன. அறிக்கையில் பழைய பெயர் இருந்தாலும் புதிய பெயர் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே நோயைத்தான் குறிக்கிறது.

முதலில் தழும்பை அளக்க வேண்டும்

கல்லீரல் தழும்பு, தழும்பே இல்லாத எஃப் 0 நிலையிலிருந்து சிரோசிஸ் எனப்படும் எஃப் 4 வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. அனுமதி பெற்ற இரண்டு மருந்துகளும் எஃப் 2, எஃப் 3 ஆகிய நடு நிலைகளுக்கு மட்டுமே உரியவை. உங்கள் நிலை எது என்று தெரிந்துகொள்ள எடுத்த எடுப்பிலேயே ஊசி போட்டுக் கல்லீரல் திசுவை எடுக்க வேண்டியதில்லை. கையில் ஏற்கெனவே இருக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கொண்டே முதல் கணிப்பைச் செய்துவிடலாம். ஃபிப்-4 என்ற அந்தக் கணக்குக்கு வயது, கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கும் போதும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வயது 52, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 64, தட்டணுக்கள் 1,80,000 என்று வைத்துக்கொள்வோம். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கினால் 2496 வருகிறது. தட்டணுக்களை ஆயிரத்தில் எழுதினால் 180. எஸ்ஜிபிடியான 64இன் வர்க்கமூலம் 8. இவ்விரண்டையும் பெருக்கினால் 1440. இனி 2496ஐ 1440ஆல் வகுத்தால் 1.73 கிடைக்கிறது. விடை 1.3க்குக் கீழே இருந்திருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு என்று எடுத்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கைத் திரும்பப் போட்டால் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். 2.67ஐத் தாண்டியிருந்தால் கல்லீரல் நிபுணரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும். 1.73 இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் இந்த மனிதருக்கு அடுத்த பரிசோதனை தேவை. வயது 65ஐத் தாண்டியவர்களுக்குக் கீழ் வரம்பு 1.3 அன்று, 2.0. 35 வயதுக்குக் குறைவானவர்களிடம் இந்தக் கணக்கு அவ்வளவாக நம்பத் தகுந்ததன்று. எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் இயல்பான அளவில் இருந்தாலும் தழும்பு இருக்கக்கூடும் என்பதால், ‘லிவர் டெஸ்ட் நார்மல்’ என்ற ஒரு வரியை மட்டும் நம்பி நின்றுவிடக் கூடாது.

அடுத்த பரிசோதனை, ஃபைப்ரோஸ்கேன் என்ற பெயரில் பலரும் அறிந்த மீள்தன்மை ஸ்கேன். விலா எலும்புகளுக்கிடையே கருவியை வைத்து மெல்லத் தட்டும்போது அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைக் கொண்டு இது கல்லீரலின் விறைப்பை கிலோபாஸ்கல் அளவில் சொல்கிறது. குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டவுடன் எடுத்தால் எண் பொய்யாகக் கூடும். விறைப்பு 8க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. 8க்கு மேல் போனால் தழும்பு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நிபுணர் ஆராய வேண்டும். மருந்துக்கு உரியவர்களில் பெரும்பாலோர் 8க்கும் 15க்கும் இடையில்தான் கிடைக்கிறார்கள். 15ஐத் தாண்டினால் சிரோசிஸ் வந்துவிட்டதா என்று தேட வேண்டியிருக்கும், 20ஐத் தாண்டினால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது. இரண்டு முடிவுகளும் ஒன்றோடொன்று முரண்பட்டாலோ, வேறு கல்லீரல் நோய் இருக்கலாம் என்று தோன்றினாலோ மட்டும் திசுப் பரிசோதனை உதவும். மருந்தைத் தொடங்குவதற்கு அது கட்டாயமில்லை.

இதே கட்டத்தில் மற்றக் காரணங்களையும் விலக்கிவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளுக்கான பரிசோதனை, தன்னெதிர்ப்பு நோய்களுக்கான பரிசோதனை, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ஆகியவை தேவை. ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், டமாக்ஸிஃபென், அமியோடரோன் போன்றவற்றை நீண்ட நாள் எடுத்துக்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இவையும் கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும் அல்லது அதைக் காயப்படுத்தும். மது அருந்துபவர் உண்மையான அளவைச் சொல்லவில்லை என்றால் நோயின் பெயரே தவறிவிடும். அதன்பின் எழுதப்படும் மருந்தும் தவறும்.

இரண்டு ஹார்மோன்கள், இரண்டு வழிகள்

தைராய்டு ஹார்மோனுக்கு உடலில் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு வகை ஏற்பிகள், அதாவது ஹார்மோன் வந்து பொருந்தும் புரதங்கள், உண்டு. இதயமும் எலும்பும் பெரும்பாலும் ஆல்ஃபாவையும், கல்லீரல் பெரும்பாலும் பீட்டாவையும் நம்பியிருக்கின்றன. கல்லீரல் செல்லில் பீட்டா தூண்டப்படும்போது சேமித்து வைத்த கொழுப்பு எரிக்கப்படுகிறது, ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பும் அதிகமாக உறிஞ்சப்படுகிறது. மாஷ் நோயில் ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாக இருந்தும் கல்லீரலுக்குள் அதன் வேலை மந்தமாகிவிடுகிறது. ரெஸ்மெட்டிரோம் பீட்டாவைத் தேர்ந்து தூண்டுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. அப்படியானால் சாதாரணத் தைராக்ஸின் மாத்திரையையே கொஞ்சம் கூட்டிச் சாப்பிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. தைராக்ஸின் இரண்டு ஏற்பிகளையும் தூண்டும். கல்லீரலுக்குக் கிடைக்கும் சிறு நன்மைக்கு ஈடாக இதயத் துடிப்புத் தாறுமாறாகும், எலும்பு கரையும். தைராய்டு குறைபாட்டுக்காகத் தைராக்ஸின் எடுப்பவர்களும் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது.

இரண்டாவது வழி குடலிலிருந்து வருகிறது. சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது, இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்கிறது. இயற்கையான ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். இதை மருந்தாக்க முடியாமல் பல ஆண்டுகள் தடுத்தது அதுதான். ஜான் எங் என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் கிலா என்னும் நச்சுப் பல்லியின் விஷத்தில், இதே வேலையைச் செய்யும், ஆனால் விரைவில் சிதையாத ஒரு பொருளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதிலிருந்து பிறந்த எக்ஸெனடைட் 2005இல் சர்க்கரை நோய்க்கு வந்தது. இன்றைய செமாகுளூடைட் அதே வகை மருந்துகளில் பின்னால் வந்தது. உடலில் அதன் பாதி அளவு குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது. கல்லீரல் செல்களில் ஜிஎல்பி-1 ஏற்பிகள் அநேகமாக இல்லை என்பதால் இந்த ஊசி கல்லீரலை நேரடியாகத் தொடுவதில்லை. எடையும், இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பும் குறைவதன் வழியாகவே கல்லீரலுக்குப் பலன் வருகிறது.

இந்த வேறுபாடுதான் தேர்வைத் தீர்மானிக்கிறது. உடல் பருமனோ சர்க்கரை நோயோ சேர்ந்திருப்பவருக்குப் பெரும்பாலும் ஊசி பொருந்தும், ஒரே மருந்து பல சிக்கல்களைத் தொடுவதால். எடை அதிகமில்லாதவருக்கும், ஊசியின் குமட்டலைத் தாங்க முடியாதவருக்கும், ஊசி கூடாது என்ற நிலையில் உள்ளவருக்கும் மாத்திரை பொருந்தும். அது எடையைக் குறைப்பதில்லை, ஆனால் கெட்ட கொழுப்பைக் குறைக்கிறது. இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்துத் தரும் வாய்ப்பும் இருக்கிறது. அந்த முடிவை நிபுணரிடம் விட்டுவிட வேண்டும்.

மாத்திரையைத் தொடங்குவோருக்கு

ரெஸ்டிஃப்ரா என்ற பெயரில் வரும் ரெஸ்மெட்டிரோமின் அளவு உடல் எடையைப் பொறுத்தது: 100 கிலோவுக்குக் குறைவானவருக்குத் தினமும் 80 மில்லிகிராம், 100 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 100 மில்லிகிராம். சாப்பாட்டுக்கு முன்னும் எடுக்கலாம், பின்னும் எடுக்கலாம். முதல் சில வாரங்களில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருவது சாதாரணம். பெரும்பாலோருக்கு அவை தாமாகவே அடங்கும். சிலருக்கு உடல் அரிப்பு வரும்.

இங்கே கவனமாக இருக்க வேண்டியது மற்ற மாத்திரைகளோடு ஏற்படும் மோதல். இந்த நோய் உள்ளவர்களில் பலர் கொழுப்புக்காக ஸ்டாடின் மாத்திரை எடுப்பவர்கள். ரெஸ்மெட்டிரோம் ஸ்டாடினின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். ஆகவே ரோசுவாஸ்டாடினும் சிம்வாஸ்டாடினும் நாளுக்கு 20 மில்லிகிராமையும், அடோர்வாஸ்டாடினும் பிரவாஸ்டாடினும் 40 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. இதைக் கேட்டு ஸ்டாடினையே நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களை அதிகம் கொல்வது இதய நோய்தான். ஜெம்ஃபைப்ரோசில் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை எடுப்பவர்கள் ரெஸ்மெட்டிரோமை எடுக்கக் கூடாது. இதய அடைப்புக்காகக் குளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கு ரெஸ்மெட்டிரோமின் அளவையே ஒரு படி குறைக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது, பெயர்களை நினைவிலிருந்து சொல்வதைவிடப் பாதுகாப்பானது. சத்து மாத்திரைகளும் மூலிகைப் பொடிகளும் அந்தப் பையில் இருக்கட்டும். கல்லீரலைக் காப்பதாகச் சொல்லி விற்கப்படுபவற்றில் சில கல்லீரலையே கெடுப்பவை.

கண்ணோ தோலோ மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, வயிற்றின் வலப்பக்க மேற்பகுதியில் கடும் வலி, காய்ச்சலோடு தோல் தடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். கல்லீரல் காயமும் பித்தப்பைக் கல்லும் அரிதாகவேனும் இந்த மருந்தோடு வரக்கூடியவை. முற்றிய சிரோசிஸ் உள்ளவர்களுக்கு, அதாவது வயிற்றில் நீர் கோத்தல், ரத்த வாந்தி, மனக்குழப்பம் போன்றவை வந்துவிட்டவர்களுக்கு, இந்த மாத்திரை ஆகாது.

ஊசியைத் தொடங்குவோருக்கு

கல்லீரலுக்கு அனுமதி பெற்றது வெகோவி என்ற பெயரில் வரும் செமாகுளூடைட். அதன் முழு அளவு வாரத்துக்கு 2.4 மில்லிகிராம். எடுத்தவுடன் அந்த அளவுக்குப் போவதில்லை. வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று ஏறி, பதினேழாம் வாரத்தில் 2.4ஐ எட்ட வேண்டும். இந்தப் படிக்கட்டுக்குக் காரணம் குமட்டல். குமட்டல் தாங்க முடியாமல் இருந்தால், அடுத்த படிக்கு ஏறுவதைச் சில வாரம் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். ஊசியையே கைவிடுவதைவிட அது மேலானது. ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதும், எண்ணெய் மிகுந்ததைத் தவிர்ப்பதும், வயிறு நிறைந்துவிட்டது என்று தோன்றியவுடன் தட்டில் மீதி இருந்தாலும் நிறுத்திவிடுவதும் உண்மையிலேயே உதவுகின்றன. வாந்தியோ வயிற்றுப்போக்கோ நிற்காவிட்டால் உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால் தண்ணீர் குடிப்பதில் அலட்சியம் கூடாது.

ஊசியை வயிறு, தொடை, மேற்கை ஆகிய மூன்றில் ஓரிடத்தில் தோலுக்கடியில் போட வேண்டும். ஒவ்வொரு வாரமும் இடத்தைச் சற்று மாற்ற வேண்டும். வாரத்தின் ஒரு கிழமையை நிலையாக வைத்துக்கொள்வது நல்லது. மறந்துவிட்டால், அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருக்கும்போது நினைவு வந்தவுடன் போடலாம். அதற்குக் குறைவாக இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரமோ அதற்கு மேலோ விட்டுப்போனால், பழைய அளவிலேயே தொடங்குவதா அல்லது கீழ்ப்படியிலிருந்து ஏறுவதா என்பதை மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஊசிப் பேனாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறைய விடக் கூடாது. உறைந்துபோனதைப் பயன்படுத்தவே கூடாது.

தமக்கோ நெருங்கிய ரத்த உறவினருக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால் இந்த ஊசி கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் அதை முன்னதாகவே சொல்ல வேண்டும். வயிற்றின் நடுவில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலி வந்தால், அது கணையமாக இருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொடங்குமுன் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துவிடும் ஆபத்து உண்டு என்பதால் அவற்றின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே ஊசியை நிறுத்த வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் மயக்க மருத்துவரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், பட்டினியாக இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கக்கூடும், அது மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

எடை வேகமாகக் குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். புரதம் போதிய அளவு சாப்பிடுவதும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் பளு தூக்குவது போன்ற தசைப் பயிற்சி செய்வதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பாகம் என்றே நான் கருதுகிறேன். ‘ஊசிதான் போடுகிறோமே’ என்று அவற்றை விட்டுவிடுவது பெரும் இழப்பு.

பலன் கிடைக்கிறதா என்று எப்படி அறிவது

எதிர்பார்ப்பு சரியான அளவில் இருக்க, ஆய்வுகளின் எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ரெஸ்மெட்டிரோமை 966 பேரிடம் சோதித்த ஆய்வில், 52 வாரத்துக்குப் பிறகு அழற்சி நீங்கியவர்கள் 80 மில்லிகிராம் எடுத்தவர்களில் 25.9 சதவீதம், 100 மில்லிகிராம் எடுத்தவர்களில் 29.9 சதவீதம், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9.7 சதவீதம். தழும்பு ஒரு நிலையாவது இறங்கியவர்கள் முறையே 24.2, 25.9, 14.2 சதவீதம். செமாகுளூடைட் ஆய்வில் முதல் 800 பேரின் 72 வார முடிவுப்படி, ஊசி போட்டவர்களில் 62.9 சதவீதத்தினருக்கு அழற்சி நீங்கியது, வெற்று ஊசி போட்டவர்களில் 34.3 சதவீதத்தினருக்கு; தழும்பு இறங்கியது முறையே 36.8 சதவீதத்தினருக்கும் 22.4 சதவீதத்தினருக்கும். இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு மனிதர்களிடம், வெவ்வேறு கால அளவில் நடந்தவை என்பதால் ஓர் ஆய்வின் எண்ணை மற்றதன் எண்ணோடு நேருக்கு நேர் வைத்து ‘இதுதான் சிறந்தது’ என்று சொல்வது தவறு. ஒவ்வொன்றையும் அதனதன் வெற்று மருந்தோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் கிடைத்திருப்பது விரைவு அனுமதி. திசுவில் கண்ட முன்னேற்றம் சிரோசிஸையும் மரணத்தையும் தள்ளிப்போடுகிறதா என்பதை நிறுவ அந்த ஆய்வுகள் இன்னும் தொடர்கின்றன.

வெற்று மருந்து எடுத்தவர்களிலும் பலர் முன்னேறினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது, 7 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அழற்சி அடங்க வாய்ப்பு மிகுகிறது, 10 சதவீதம் குறைந்தால் தழும்பே பின்வாங்கத் தொடங்கலாம். 80 கிலோ உள்ளவருக்கு 10 சதவீதம் என்பது 8 கிலோ. மருந்துக்குரிய நிலையை எட்டாத எஃப் 0, எஃப் 1 நிலையினருக்கு இதுவே முழுச் சிகிச்சை.

மற்ற மருந்துகளைப் பொறுத்தவரை, மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு நல்ல மருந்து. மாஷ் நோயின் அழற்சியையோ தழும்பையோ அது குறைப்பதில்லை. டிர்ஸெபடைட் என்ற, இரண்டு குடல் ஹார்மோன்களைப் பின்பற்றும் ஊசி, 190 பேரிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வில் அளவைப் பொறுத்து 44 முதல் 62 சதவீதம் பேரின் அழற்சியை நீக்கியது. வெற்று ஊசியில் அது 10 சதவீதம். குளூக்ககான் என்ற கணைய ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்யும் சர்வோடுடைட், கல்லீரலே சுரக்கும் எஃப்ஜிஎஃப்-21 ஹார்மோனைப் பின்பற்றும் எஃப்ருக்ஸிஃபெர்மின், பெகோசாஃபெர்மின் ஆகியவை மூன்றாம் கட்ட ஆய்வுகளுக்குச் சென்றுள்ளன.

மருந்தைத் தொடங்கும் நாளில் ஒரு நோட்டில் எடை, இடுப்புச் சுற்றளவு, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, தட்டணுக்கள், மூன்று மாதச் சர்க்கரை, கொழுப்பு அளவுகள், ஃபைப்ரோஸ்கேன் எண் ஆகியவற்றைத் தேதியோடு எழுதி வைக்க வேண்டும். மாத்திரை எடுப்பவர்கள் மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் கல்லீரல் ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்வது வழக்கம். எஸ்ஜிபிடி முதலில் இறங்கும். விறைப்பு மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே மூன்றாம் மாதத்தில் ஃபைப்ரோஸ்கேன் எண் அசையவில்லை என்று மனம் தளர வேண்டாம். ஓராண்டு முடிவில் எல்லா எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எதுவுமே நகரவில்லை என்றாலோ, விறைப்பு கூடியிருந்தாலோ, மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்ற பேச்சை நீங்களே எடுக்கலாம். பலன் கிடைத்திருந்தால் தாமாக நிறுத்திவிடக் கூடாது: செமாகுளூடைட் நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பிவிட்டது. ஓராண்டு ஃபைப்ரோஸ்கேனை முடிந்தவரை முதலில் எடுத்த அதே கருவியில், அதேபோல மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு எடுத்துக்கொள்ளுங்கள்; அப்போதுதான் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியும்.